தனுஷ்கோடியில் உன் அம்மா

மதுரை

அன்புள்ள நண்பா,

முட்டி வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பாதி சொல்லி நிறுத்திய விஷயத்தை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த 8 எம்.எம். ஃபிலிம் சுருளை, அந்தக் காலத்தில் வீட்டில் சினிமா எடுக்கப் பயன்பட்ட சின்ன ஃபிலிமை, ஒருவர் விலைக்குக் கேட்கிறார். சென்னைக்காரர், பழைய ஃபிலிம் சேர்ப்பவர். 40,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். ஃபிலிம் டப்பா மேல் அப்பா பென்சிலால் 'தனுஷ்கோடி, ஏப்ரல் 62' என்று எழுதி வைத்திருக்கிறாரே, அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் மதுரை வரை வந்தார். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊரே போய், பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு கடலில் போனது உனக்குத் தெரியாததில்லை. அதற்கு முன்பு, இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பலிலிருந்து சனம் இறங்கி, போட் மெயில் ரயிலைப் பிடிக்க நடப்பதைக் கலரில் எங்கே பார்க்க முடியும்?

டப்பாவைத் திறந்ததும் அவர் ஃபிலிமைத் தொடவே இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். லேசாகக் காடி வாடை, வினிகர் மாதிரி. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் கெட ஆரம்பித்தால் இப்படித்தான் அமிலம் கசியுமாம். கசிந்த அமிலமே மிச்சத்தையும் அரிக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் மதுரை வெயிலில், பரண் மேல், இத்தனை வருஷம்! கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தார். கோடக் ஃபிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கின்றன. தயாரான வருஷத்தை அதை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அப்பா எழுதியதோடு அது ஒத்துப்போனது.

விற்பதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துவிட்டேன். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மகன் சொன்னான், நான் விடவில்லை. முன்பு ஒரு ஸ்டுடியோவில் இன்னொரு சுருளை ஓட்டி, சுருங்கிப்போன ஃபிலிமின் ஓர ஓட்டைகள் புரொஜெக்டரின் பல் சக்கரத்தில் மாட்டிக் கிழிந்து, என் தங்கையின் காதுகுத்து முழுக்கப் போய்விட்டது. ஸ்கேனரில் அந்தப் பல் இல்லை. ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடிக்கிறது. 50 அடி, 4,000 பிரேம், ஓடுவது நாலு நிமிஷம் சொச்சம். இது கோடக்குரோம் என்ற கோடக் கலர் ஃபிலிம், இருட்டில் கிடந்ததால் சாயம் அப்படியே நிற்கிறது. என் அம்மாவின் அரக்குச் சேலை இன்னும் அரக்காகவே இருக்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஸ்டேஷனும் கப்பலும் வரும் ஒன்றரை நிமிஷம் போதும், வெட்டிக் கொடுங்கள், குடும்பப் பகுதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முடியாது என்றேன். கப்பலைப் பிடித்த அதே மூச்சில்தான் அப்பா நம்மையும் பிடித்தார். வாங்கினால் முழுச் சுருள், வெட்டக் கூடாது, நகலும் உரிமையும் எங்களிடமே இருக்கும், விற்பது சுருளை மட்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கண் ஆபரேஷனுக்கு ஆகும். ஆனால் அவரிடம் குளிரூட்டிய அறை இருக்கிறது, என்னிடம் பரண்தான் இருக்கிறது. அதுதான் பெரிய காரணம்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன்னைக் கேட்காமல் போட மனம் வரவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் நீ வருகிறாய், ஒரு காலில் மட்டும் செருப்போடு. மற்றது கப்பலில் போனதற்கு நீ அழுதது எனக்கு நினைவிருக்கிறது. உன் பின்னால் உன் அம்மா, கையில் கூஜா. அப்பா கேமராவைத் திருப்பியதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு நேராகவே பார்க்கிறார்கள். பதினொரு விநாடி. உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்த ஸ்டுடியோ படத்தைத் தவிர வேறு படம் இல்லை என்று நீ சொல்வாயே.

பென் டிரைவை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். பேரனைப் போட்டுக் காட்டச் சொல். சென்னைக்காரர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். படத்தில் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று எனக்குப் போன் செய்.

உன் அன்பு நண்பன்