போனேரா, மாலைதீவா: நண்பனுக்கு ஒரு கடிதம்

உட்ரெக்ட்,
நெதர்லாந்து

அன்புள்ள சிவநேசன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க மார்கழியில் நீயும் வசந்தியும் இங்கே வரப்போகும் செய்தியும், வசந்தி திருகோணமலையில் ஸ்கூபா டைவ் எனும் நீர்மூழ்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றுவிட்ட செய்தியும் ஒன்றாக வந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரும் மகிழ்ச்சி. வருகிற பயணத்தோடு கரீபியன் கடலில் உள்ள போனேர் தீவுக்கும் போய்வரலாமா, அல்லது திரும்பும் வழியில் வழக்கம்போல மாலைதீவில் ஒரு வாரம் தங்குவதே மேலா என்று கேட்டிருந்தாய். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போனேரில் எவற்றை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கடலில் கடல்தாமரைகளுக்குள் புகுந்து விளையாடும் கோமாளி மீன்கள் அங்கே இல்லை; அட்லாண்டிக் கடல் முழுவதிலுமே இல்லை. கடற்பாம்பும் இல்லை, இராட்சதச் சிப்பியும் இல்லை. ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலஇணைப்பு மேலெழுந்து பசிபிக்கிலிருந்து கரீபியனைப் பிரித்துவிட்டதால், அந்தக் கடல் தனியாகவே வளர்ந்தது. அங்கு வாழும் கல் பவளங்கள் எழுபது வகைக்குள் அடங்கிவிடும். இந்தோனேசியாவை உள்ளடக்கிய பவள முக்கோணத்திலோ அறுநூறு வகை அளவில் இருக்கின்றன. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் உள்ள கேப் கிரி என்ற இடத்தில், மீனியல் அறிஞர் கெரால்ட் ஆலன் 2012ஆம் ஆண்டு ஒரே டைவில் 374 மீனினங்களை எண்ணிப் பதிவு செய்தார். அந்தக் கணக்கோடு கரீபியனின் எந்தத் தீவும் போட்டியிட முடியாது. மாலைதீவின் கால்வாய்களில் நீரோட்டத்தோடு போகும்போது வரிசையாக நிற்கும் சாம்பல் சுறாக்களையும், பெரிய மண்டாத் திருக்கைகளையும் நீ பார்த்தவன். போனேரில் சுறாவைப் பார்ப்பதே அரிது. நிறமும் எண்ணிக்கையும் பெரிய உருவங்களும்தான் உனக்கு முக்கியம் என்றால், இந்தக் கடிதத்தை இத்துடன் மடித்து வைத்துவிட்டு மாலைதீவுக்கே பயணச்சீட்டு எடுக்கலாம்.

ஆனால் நீ அப்படிப்பட்டவன் அல்லன் என்று எனக்குத் தெரியும். கண்டதையே மறுபடி மறுபடி போய்ப் பார்க்க விரும்புகிறவனுக்குப் போனேரைப் போன்ற இடம் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெனிசுவேலாக் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், 288 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் வறண்ட தீவு அது. கள்ளியும் முட்புதரும், வீதியில் திரியும் கழுதைகளும், தெற்கே உப்பளங்களும் பூநாரைகளும்தான் கரையில் உள்ளவை. ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து காற்று வீசுவதால் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பவளப்பாறையும் அந்தக் கரையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. கரையோர வீதியில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வொரு டைவ் இடத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். வாடகைக்கு எடுத்த பிக்கப் வண்டியில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு போய், பிடித்த கல்லின் அருகே வண்டியை நிறுத்தி, உபகரணங்களை மாட்டிக்கொண்டு நடந்தே கடலில் இறங்கிவிடலாம். ஆழமில்லாத மணல்தரையின் மேல் சற்று நீந்தினால், சுமார் 10 மீற்றர் ஆழத்தில் பாறையின் விளிம்பு வரும். அங்கிருந்து 30 மீற்றருக்கும் கீழே சரிந்து போகும். படகு தேவையில்லை, நேரஅட்டவணை இல்லை, அடுத்த குழு காத்திருக்கிறது என்று மேலே அழைக்க எவரும் இல்லை. முதல் நாள் கடற்பூங்காவின் விதிகளைக் கேட்டுக்கொண்டு, அறிமுக டைவ் ஒன்றை முடித்துவிட்டால், பிறகு நீயும் வசந்தியும் ஒருவருக்கொருவர் துணையாக விரும்பிய நேரத்தில் இறங்கலாம்.

இந்தச் சுதந்திரத்தின் அருமை நீருக்கடியில்தான் விளங்கும். ஒரு பிளவில் சுருள் சுருளான கைகளுடன் ஒரு கடல்தாமரை இருக்கும். அதைச் சுற்றி, உடல் கண்ணாடியாகத் தெரியும் சிறு இறால்கள் வெண்ணிற உணர்கொம்புகளை ஆட்டி அழைத்துக்கொண்டிருக்கும். அருகில் போகாமல் அசையாது மிதந்தால், சிறிது நேரத்தில் ஒரு களவாய் மீன் வந்து நின்று, நிறம் மாறி, வாயையும் செவுள்களையும் அகலத் திறக்கும். இறால்கள் ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் செவுள் வழியாக வெளியே வரும். மீன் ஒரு முறை உடலைச் சிலிர்க்கும். உடனே எல்லா இறால்களும் விலகிவிடும். வழிகாட்டியின் பின்னால் நீரோட்டத்தில் இழுபட்டுப் போகும் இடங்களில் இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடிவதில்லை. போனேரில் ஒரே பிளவின் முன் காற்று தீரும் வரை இருக்கலாம். மறுநாள் அதே கல்லின் அருகே வண்டியை நிறுத்தி, அதே பிளவுக்குத் திரும்பலாம்.

இன்னொன்று, இந்தியப் பெருங்கடலில் எங்கு தேடினாலும் உனக்குக் கிடைக்காது. முழுநிலவு கழிந்த சில நாட்களில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆனபின், நிலவு எழுவதற்கு முன், பாறை விளிம்புக்குப் போய் டோர்ச்சை அணைத்துவிட வேண்டும். எள்ளளவே உள்ள ஆஸ்ட்ரகோட் என்ற ஓட்டுயிரிகளின் ஆண்கள் துணையைக் கவர்வதற்காக நீல ஒளித்துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக்கொண்டு மேலே ஏறும். கோத்த முத்துச்சரங்கள் இருளில் தொங்குவதுபோல் சுற்றிலும் ஒளிரும். நம் பக்கத்து இனங்கள் எதிரியிடமிருந்து தப்புவதற்காக மட்டுமே ஒளியை உமிழ்கின்றன. ஆஸ்ட்ரகோட்களில் ஒளியால் துணையை அழைக்கும் வழக்கம் கரீபியனுக்கே உரியது.

கப்பல்களைப் பற்றி நீ கேட்டாய். 1984ஆம் ஆண்டு மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற 72 மீற்றர் நீளச் சரக்குக் கப்பல் சுமார் 30 மீற்றர் ஆழத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. போலிச் சுவரின் பின்னால் கஞ்சா பிடிபட்ட கப்பல் அது. கரையிலிருந்தே நீந்திப் போகலாம். செங்கடலில் மூழ்கிய திஸ்ஸில்கோர்ம் கப்பலில் மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் அடுக்கியபடி இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கூடாகத் தோன்றும். மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலை விட்டுவிட்டு இதற்காக நீ இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

எனக்குப் போனேர் மீது மதிப்புக் கூடியதற்குக் காரணம் அந்த மக்கள் கடலை நடத்திய விதம்தான். 1962இல் பாய்க்கப்பலில் வந்திறங்கிய டொன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், தாமே ஈட்டியால் மீன் குத்தியவராக இருந்தும், அதைத் தடை செய்யப் போராடியவர்களில் முன்னின்றார். 1971இல் அந்தத் தடை வந்தது. 1979இல் தீவைச் சுற்றி 60 மீற்றர் ஆழம் வரையுள்ள கடல் முழுவதும் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படகுகள் நங்கூரம் போடக் கூடாது, நிலையான மிதவைகளில்தான் கட்ட வேண்டும். டைவர்கள் கையுறை அணியக் கூடாது. வெறுங்கை என்றால் எவரும் பவளத்தைப் பிடிக்கமாட்டார்கள் அல்லவா? மாலைதீவும் 2010இல் சுறா பிடிப்பதைத் தடை செய்தது, ஹனிஃபாரு குடாவில் சிலிண்டரோடு இறங்கவும் அனுமதிப்பதில்லை. அதையும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆயினும் போனேரின் கடல் இன்று நலமாக இருக்கிறது என்று உனக்கு எழுத முடியாது. 1980களில் கரிய நிறக் கடல் முள்ளெலிகள் கரீபியன் முழுவதும் நோயால் மடிந்தன. பாசியை மேய ஆளில்லாமல் போனது. மான்கொம்புப் பவளங்களை வேறொரு நோய் அழித்தது. 2023இல், ஃபுளோரிடாவில் முதலில் காணப்பட்ட கல் பவளத் திசு இழப்பு நோய் போனேரையும் எட்டியது. மூளைப் பவளங்களில் ஓரிடத்தில் வெண்மை தோன்றி, சில வாரங்களுக்குள் முழுக் குன்றும் எலும்பாகிவிடுகிறது. பல தலைமுறை மனிதரைவிட மூத்தவை அவை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி மாலைதீவின் பவளங்கள் வெளுத்ததைக் கண்ட உனக்கு இந்தத் துயரம் புதிதல்ல. மரவடிவச் சட்டங்களில் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்துப் பாறையில் மீண்டும் நடும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தச் சட்டங்களை நீ அவசியம் பார்க்க வேண்டும்.

இனி உன் முழங்காலைப் பற்றி. பல இடங்களில் கரை மணலாக இல்லை. உடைந்த பவளக் கற்களும் வழுக்கும் பாறையும்தான். முதுகில் சிலிண்டருடன் அதில் நடப்பது உனக்குக் கடினமாக இருக்கும். தடித்த அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும்; வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கு, அலை அடங்கும் இடைவெளி பார்த்துக் கால் வை. ‘ஆயிரம் படி’ என்ற இடத்தை விட்டுவிடு. படிகள் உண்மையில் நூறுகூட இல்லை, ஆனாலும் சிலிண்டருடன் ஏறுவது உனக்கு வேண்டாம். தங்குமிடத்து இறங்குதுறையிலிருந்தே பாறைக்குப் போகக்கூடிய விடுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுப்பதே உனக்கு நல்லது.

ஆகவே என் யோசனை இது: இம்முறை போனேருக்குப் போங்கள், மாலைதீவு கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரந்தானே. அம்ஸ்டர்டாமிலிருந்து போனேருக்குச் சுமார் பத்து மணி நேரம். தீவு நெதர்லாந்தின் பகுதியாக இருந்தாலும் ஐரோப்பியப் பொது விசாப் பகுதியான செங்கன் எல்லைக்குள் வராது. விசா விதிகளைத் தூதரகத்தில் இப்போதே கேட்டுக்கொள். திருகோணமலைக் கடலில் பயன்படுத்திய உபகரணங்களைக் கிருமிநீக்கம் செய்து, நன்றாக உலரவைத்துக் கொண்டு வா. வசந்தி முடிந்தால் நைட்ராக்ஸ் (ஒட்சிசன் கூடிய காற்றுக் கலவை) பயிற்சியையும் திருகோணமலையிலேயே முடித்துவிடட்டும். போனேரில் பல கடைகள் சாதாரணக் காற்றின் விலைக்கே அதைத் தருகின்றன. முழுநிலவு வரும் திகதியைப் பார்த்துப் பயண நாளைக் குறித்து எழுது. அதன்படி நானும் விடுமுறை கேட்கிறேன்.

அன்புடன்,
கருணாகரன்