முன் பிரேக் என்று ஒன்று இருக்கிறது, மாஸ்டர்

மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் அங்கே சொல்லித் தரும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

எட்டு போடும் மைதானத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் உங்களில் ஒருவரிடம் பணம் கட்டிப் படித்தவள்தான். முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் கிடைத்தது, அதற்கு மனசார நன்றி. கிளட்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, முன்சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்புவது, எல்லாம் அந்த மாஸ்டர் சொல்லித் தந்ததுதான்.

லைசென்ஸ் வாங்கிய ஒன்பதாவது நாள், முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நான் காலை மட்டும் அழுத்தினேன், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து. பின்சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போய், காரின் பம்பருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நான் தரையில் கிடந்தேன். முழங்கையில் தோல் போனதோடு சரி. ஆனால் என் வலது கை விரல்கள் கடைசி வரை முன் பிரேக்கைத் தொடவே இல்லை. எப்படித் தொடும்? "முன் பிரேக்கைத் தொடாதம்மா, குப்புற விழுந்துடுவே" என்று நாள் தவறாமல் கேட்டுக் கேட்டுப் பழகின கை அது.

அந்த அறிவுரை எட்டுக்குச் சரிதான். ஹேண்டிலைத் திருப்பியபடி நடக்கிற வேகத்தில் போகும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே சாயும். நேராக, வேகமாகப் போகும்போது கதையே வேறு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்தின் மேல் இறங்குகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது, லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் வழுக்கத்தான் செய்யும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், இது உங்களுக்குத் தெரியாததா? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடி திகைத்தாலே பிரேக்கைத் தொடும் முன் கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிருப்பார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். எட்டு போடும் வேகத்தில் இதெல்லாம் எங்கே தெரிய வரும்?

அதனால் கேட்கிறேன், முன் பிரேக்கைச் சொல்லிக் கொடுங்கள். காலி மைதானத்தில் நேர்க்கோட்டில், முதலில் 20 கிலோமீட்டர் வேகம், அப்புறம் 30, அப்புறம் 40. வெடுக்கென்று பிடிக்காமல் மெதுவாக ஆரம்பித்து, பாரம் முன்னால் இறங்க இறங்க இறுக்கிக்கொண்டே போவது. ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், நான் பிடிக்காத பிரேக்கை எனக்காகப் பிடிக்காது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மணி நேர வகுப்பில் நான் வண்டி மேல் இருந்தது பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வரிசையில், எனக்கு முன்னால் ஓட்டியவர் வியர்வையோடு கழற்றித் தந்த, தலையில் உருளுகிற ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை ரோட்டில் யாரும் என்னை எட்டு போடச் சொல்லவில்லை, சொன்னால் பிரமாதமாகப் போட்டுக் காட்டுவேன். தேர்வில் கேட்பதை மட்டும்தான் சொல்லித் தருவோம் என்றால் பயிற்சிப் பள்ளி என்று பலகை எதற்கு, எட்டுக் கடை என்றே எழுதிவிடலாமே.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. கேட்க வந்தது ஒன்றுதான். தயவுசெய்து, தேர்வுக்கு முந்தைய இரண்டே இரண்டு வகுப்புகளை முன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே தேறிப் போனவர்களையும் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் முதல் ஆளாக நான் வருகிறேன். ஹெல்மெட் என்னுடையதையே கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கால் ஊன்றாமல் தேறிய உங்கள் பழைய மாணவி