ஐஸ் பிளாண்டும் மின்சாரத் திருத்தமும்: ஒன்றிய மின்துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய மின்துறை அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம் ஐஸ் பிளாண்டுகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கரண்ட் பில் வரி வரியாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் 2025 அக்டோபரில் நீங்கள் கருத்துக் கேட்டு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவைப் பற்றி எழுதுகிறேன்.

வரைவில் என் கண் நின்ற இடங்கள் இரண்டு. ஒரே ஊரில் பல நிறுவனங்கள், இருக்கிற கம்பிகளையே பயன்படுத்தி மின்சாரம் விற்கலாம் என்பது ஒன்று. உற்பத்தித் தொழில், ரயில்வே, மெட்ரோ ஆகியவை சுமக்கும் குறுக்கு மானியத்தை, அதாவது வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கட்டணம் குறைய இவை கட்டும் கூடுதல் தொகையை, ஐந்து ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்பது மற்றது.

ஐஸ் பிளாண்ட்காரனுக்கு இது இனிக்கத்தானே வேண்டும் என்பீர்கள். இனிக்கத்தான் செய்கிறது. எங்களுக்கு மூலப்பொருள் தண்ணீர், செலவு கரண்ட். அம்மோனியா கம்ப்ரசர் ஓடி உப்புநீர்த் தொட்டியைக் குளிர வைக்கும். தண்ணீர் நிரப்பிய டப்பாக்களை அதில் இறக்கினால் ஐஸ் பார் உறைந்து வர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் உப்புநீரின் குளிர் இறங்கி, பாரின் நடுப்பகுதி உறையாமல் நின்றுவிடும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கப் போகிற தூத்தூர் போட்டுக்காரர் அந்தப் பாரைத் தொடக்கூட மாட்டார். எனவே எங்களுக்கு மலிவான கரண்ட் மட்டும் போதாது, நிற்காத கரண்டும் வேண்டும். ஐஸ் விலை ஏறினால் அது போட்டுக்காரர் கணக்கில் ஏறும், அங்கிருந்து மீன் விலைக்கு வரும்.

சரி, போட்டி வந்தால் விலை இறங்குமா? டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரில் எடுத்தீர்கள். இன்று எங்கள் சாலையில் வெவ்வேறு கம்பெனிகளின் பங்க்குகள் இருக்கின்றன. விலைப் பலகையில் பைசாக் கணக்கில்தான் வித்தியாசம்.

புதிதாக வருகிற விற்பனையாளர் யாரைத் தேடிப் போவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குத்தான் போவார். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கா போவார்? வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் வசதி பெரிய நுகர்வோருக்கு 2003 மின்சாரச் சட்டத்திலேயே வந்துவிட்டது. காற்று, சூரியன் போன்ற பசுமை மின்சாரத்தை அப்படி வாங்கத் தேவையான குறைந்தபட்ச அளவை 2022இல் 100 கிலோவாட்டாகவும் இறக்கிவிட்டீர்கள். நன்றாகக் காசு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால் மாநில மின் கழகத்திடம் மிஞ்சுவது யார்? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் வீடுகளும் விவசாய பம்ப்செட்டுகளும்தான். அந்தப் பள்ளத்தை அரசு கஜானா நிரப்பும், இல்லாவிட்டால் எங்களைப் போன்ற சிறு தொழில்களின் நிலைக்கட்டணம் (ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை) நிரப்பும்.

கம்பி யாருடைய பொறுப்பு என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நட்டு நிமிர்த்த மற்ற மாவட்டங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். அதே கம்பியில் வியாபாரம் மட்டும் செய்கிறவர், அடுத்த புயலில் என்ன பங்கு கொடுப்பார் என்பது சட்டத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

இனி காற்றுக்கு வருகிறேன். எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் நாட்டுக்கே காற்றாலை கற்றுக்கொடுத்த இடங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று கொட்டும். காற்றாலை மின்சாரத்தைக் காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2021இல் விதியும் போட்டீர்கள். அப்படியும் வாங்க ஆளில்லை, அனுப்ப லைன் இல்லை என்று காற்றாடிகளை நிறுத்தச் சொல்வது ஓயவில்லை. தேக்கி வைக்கவும் இடம் போதாது. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் காடம்பாறையில் 400 மெகாவாட் உண்டு, குந்தாவின் 500 மெகாவாட் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இந்த வேடிக்கையைப் பாருங்கள். காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டத்தில் அந்தத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர்! தடைக்காலத்தில் ஐஸுக்கு ஆள் குறைவு, நிலைக்கட்டணம் மட்டும் தவறாமல் வரும். ஆகஸ்டில் போட் இறங்கியதும் இரவு பகலாக உறைய வைக்க வேண்டும். அப்போதும் காற்று இருக்கிறது. ஆனால் நேரவாரிக் கட்டணத்துக்கான உங்கள் 2023 விதி சூரியனை மட்டும் பார்த்து எழுதியது. பகலில் சலுகை, மாலை உச்ச நேரத்தில் கூடுதல். இரவெல்லாம் சுற்றும் காற்றாடி அந்தக் கணக்கில் இல்லை.

போட்டியைப் பற்றிய பிரிவுகளுக்கு முன்னால் மூன்றைச் சேருங்கள். காற்றுக் காலத்துக்குத் தனிக் கட்டணம் வைக்க மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெளிவான அதிகாரம் கொடுங்கள். தடைக்காலத்தில் ஓடாத பிளாண்டுக்கு நிலைக்கட்டணத்தில் கழிவு கொடுங்கள். தென்மாவட்டங்களில் லைனும் சேமிப்பும் முடிகிற தேதிக்குப் பிறகே குறுக்கு மானிய ஐந்தாண்டுக் கெடு தொடங்கட்டும்.

இப்படிக்கு,
குளச்சலிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை