வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒன்று என்று 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், 11தான் நடந்தன. ஐப்பசி மழையில் கூடத்துக் கூரை ஒழுகியதால் ஒன்று போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

கூட்டத்துக்கு ஒரு புத்தகம் என்பது நமது வழக்கம். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ மட்டும் மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டது. அட்டவணை குலைந்ததற்கு நானே பொறுப்பு. வருத்தமில்லை.

முதல் கூட்டத்தில், நாவலுக்கு முன்பே 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையையும் சேர்த்து வாசித்தோம். மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, நேரக் கூடாதது நேர்ந்து வீடு திரும்பும் மகளைத் தாய் தலைமுழுகச் செய்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விஷயம் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நாவலிலோ அந்தத் தாய் அலறிவிடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் கணேசன் தங்கையை விரட்டுகிறான். ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு கூச்சலுக்கும் இடையில் கிடக்கிறது அந்த மகள் கங்காவின் வாழ்க்கை.

மாறியது யார் என்பதில் இரண்டாம் கூட்டம் இரண்டுபட்டது. கங்காவின் நட்பால், அன்று காரில் வந்தவனான பிரபு திருந்துகிறான். அவள் நன்மைக்கு என்று விலகியும் போகிறான். அவளோ குடிக்கத் தொடங்குகிறாள். படிப்பும் உத்தியோகமும் உள்ளவள் ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கல்லூரி மாணவி ஒருவர் கோபித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “சம்பளத்தை வாங்கிக்கொண்ட வீடுகள் எங்கள் பேச்சை வாங்கிக்கொள்ளவில்லை, அம்மா” என்றார். கங்காவைப் படிக்கவைத்தவர் என்று அவளுடைய வெங்கு மாமாவுக்காக ஒரே ஒருவர் பரிந்து பேசினார். படிக்கவைத்த காசுக்கு அவர் அவளையே வட்டியாகக் கேட்ட விதத்தை நினைவூட்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் கூட்டத்தில், அந்தத் தாயின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றியிருப்போம் என்று எல்லோரும் சட்டென்று சொன்னார்கள். அந்த வேகம் எனக்கு நம்பிக்கை தரவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், “நான் கணேசன்” என்று சொல்லி, மேலே பேசாமல் இருந்துவிட்டார். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டே இங்கே சொல்கிறேன்.

தொடர்ச்சியான ‘கங்கை எங்கே போகிறாள்’ வரும் ஆண்டுக்கு முன்மொழியப்பட்டுள்ளது. ஒரே கூட்டம்தான் என்று பொருளாளர் இப்போதே நிபந்தனை போட்டிருக்கிறார். வட்டத்துக்குச் சொந்தமான இரண்டு நாவல் பிரதிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் இக்கூட்டம் முடிவதற்குள் என்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொண்டு, அறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்