வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன மாசமே வந்திருக்க வேண்டிய அறிக்கை இது, கணக்கு நோட்டு என் கைக்கு வரவே லேட்டாயிடுச்சு, அதனால இப்போ.

வழக்கமானத முதல்ல முடிச்சிடறேன். ஜனவரி, பிப்ரவரில ஹோமரோட ஒடிசி காவியத்துல பாக்கி இருந்தத முடிச்சோம். மார்ச்ல சோபகிளிஸோட ஆன்டிகனி நாடகம், ஒரே நாள்ல வாசிச்சாச்சு. ஏப்ரல்ல பிளேட்டோ எழுதின சாக்ரடீஸ் விசாரணை, நல்ல கூட்டம், சாக்ரடீஸ்னா எப்பவுமே கூட்டம் வரும். மே லீவு.

ஜூன்லேருந்து துசிடிடீஸ், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரப் பத்தி அந்தக் காலத்து ஏதென்ஸ்காரரே எழுதின வரலாறு. இத கொஞ்சம் விரிவா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா செயலாளர் தனக்குப் பிடிச்ச புக்க எல்லார் தலைலயும் கட்டிட்டாருன்னு ஒரு பேச்சு ஓடுது. கை தூக்கி ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு அது, மினிட்ஸ் புக்ல இருக்கு, யார் வேணா வந்து பாக்கலாம். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸோட உரை, ஏதென்ஸ்ல பரவின பிளேக், மீலோஸ் தீவுக்காரங்களோட நடந்த பேச்சுவார்த்தை இந்த மூணையும் மட்டும் ஜெராக்ஸ் போட்டு ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்னு சிலர் சொன்னாங்க, நான்தான் ஒத்துக்கல, எட்டு புத்தகமும் வரிசையா வாசிக்கணும்னு நின்னேன்.

ஏன்னு மூணாவது புத்தகத்துக்கு வந்தவங்களுக்குத் தெரியும். கி.மு. 427ல ஏதென்ஸ் கூட்டணில இருந்த மைட்டிலீன்ங்கற ஊர் ஏதென்ஸ எதிர்த்துத் தோத்துப் போச்சு, அங்க இருக்கற ஆம்பளைங்க எல்லாரையும் கொல்லணும், பொம்பளைங்க பிள்ளைங்கள அடிமையா விக்கணும்னு ஏதென்ஸ் மக்கள் சபை முடிவு பண்ணி கப்பலும் அனுப்பிடுச்சு, மறுநாள் மனசு உறுத்தி மறுபடி விவாதம், கொல்லணும்னு கிளியோன், வேண்டாம்னு டயோடோட்டஸ், கொஞ்சூண்டு ஓட்டு வித்தியாசத்துல வேண்டாம்னு முடிவாகி ரெண்டாவது கப்பல் கிளம்புது. முதல் கப்பல் போயி ஒரு பகல் ஒரு ராத்திரி ஆச்சு. ரெண்டாவது கப்பல்காரங்க, ஒயினும் எண்ணெயும் ஊத்திப் பிசைஞ்ச பார்லி மாவ துடுப்பு போட்டுக்கிட்டே தின்னாங்க, தூக்கம்கூட முறை வச்சுத்தான். "ஒரு நாள் முந்திப் போனத எப்படி சார் பிடிச்சாங்க"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. முதல் கப்பல்காரங்க இந்தப் பாழாப்போன வேலைக்கு அவசரமே படல, மெதுவாத்தான் போனாங்க. உத்தரவ தளபதி படிச்சு முடிச்சு நிறைவேத்தப் போற நேரத்துல ரெண்டாவது கப்பல் போய் சேந்துச்சு.

ஜெராக்ஸ் கோஷ்டி இங்கயே கைதட்டி முடிச்சிருக்கும். அடுத்த பக்கத்துலயே கிளர்ச்சிக்குக் காரணம்னு பிடிச்சு வச்சிருந்த ஆயிரத்துக்கும் மேல பேர ஏதென்ஸ்காரங்க கொன்னுடறாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா, ஏதென்ஸ் பக்கம் நின்ன பிளேட்டியாங்கற ஊர்ல ஸ்பார்ட்டாக்காரங்க சரணடைஞ்சவங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, இந்தப் போர்ல எங்களுக்கு என்ன நல்லது செஞ்சீங்கன்னு ஒரே கேள்விதான் கேக்கறாங்க, பதில் இல்லன்னா கொலை, 200 பேருக்குக் குறையாம. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு கி.மு. 416ல மீலோஸுக்கு வாங்க, அங்க ஏதென்ஸ்காரங்க ஆம்பளைங்கள கொன்னு பொம்பளைங்க பிள்ளைங்கள அடிமையாக்கிடறாங்க, ரெண்டாவது கப்பலே கிடையாது. மூணு துண்டு ஜெராக்ஸ்ல இது எப்படிங்க கிடைக்கும்.

பிளெக்ஸ் மேப்புக்கு செலவு பண்ணினதையும் கேட்டாங்க. சிசிலித் தீவுல இருக்கற சிராக்யூஸ்ல ஏதென்ஸ்காரங்க ஊர வளைச்சு சுவர் கட்டறாங்க, ஊர்க்காரங்க குறுக்கால எதிர்ச்சுவர் கட்டறாங்க, துறைமுகம் எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம்னு மேப் இல்லாம வாசிச்சா ஒரு மண்ணும் புரியாது. அந்த மேப்ப மாட்டின அன்னைக்கு வந்தது ஏழெட்டு பேர். புக்லயே உச்சம் அந்த ஏழாவது புத்தகம்தான், தோத்துப் போன ஏதென்ஸ் படைல 7000 பேருக்கு மேல கைதிங்க, கல் குவாரிக்குள்ள அடைச்சு, எட்டு மாசம், ஆளுக்கு தினம் கால் லிட்டர் சொச்சம் தண்ணி. அன்னைக்கு ஏதோ மேட்ச்சாம்.

ஏதென்ஸ்லயும் இந்தக் கதை இருந்துச்சு. சபைக்கு வராம கடைத்தெருவுல அரட்டையடிக்கறவங்கள, சிவப்புச் சாயம் தோய்ச்ச கயித்த ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து தள்ளிட்டுப் போவாங்க, சாயம் படாம இருக்க ஓடுவாங்கன்னு நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோபனீஸ் கி.மு. 425 நாடகத்துலயே கிண்டல் பண்றாரு. நம்மகிட்ட இருக்கறது வாட்ஸப் குரூப், அதுல கட்டைவிரல் போட்டுட்டு வராம இருக்கறாங்க.

சந்தா விஷயம். ஏதென்ஸ் கூட்டணில இருந்த ஊர்க்காரங்க, போருக்குப் போக சோம்பல்பட்டு கப்பலுக்குப் பதிலா காசு கட்டினாங்க, அந்தக் காசுலயே ஏதென்ஸ் கடற்படைய வளத்துக்கிச்சுன்னு முதல் புத்தகத்துல வருது. அவங்க வரலன்னாலும் காசு கட்டினாங்கன்றத மட்டும் சொல்லிக்கறேன். கி.மு. 454லேருந்து அந்தக் காசுல அறுபதுல ஒரு பங்கு அதீனா தெய்வத்துக்குப் போச்சு, எந்த ஊர் கணக்குல எவ்வளவுன்னு கல்லுல வெட்டி ஏதென்ஸோட கோட்டை மேடான அக்ரோபோலிஸ்ல வச்சாங்க. நாமளும் பாக்கிக்காரங்க பேர போர்டுல ஒட்டலாம்னு செயற்குழுல ஒருத்தர் சொன்னாரு. இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

கணக்கப் பொறுத்தவரைக்கும் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாப் போச்சு. டீ, ஜெராக்ஸ், மேற்படி பிளெக்ஸ். கையிருப்புன்னு சொல்லிக்கற மாதிரி பெருசா இல்ல, விவரம் பொருளாளர் அண்ணன்கிட்ட.

மாடிய வாடகை வாங்காம குடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், டீ அனுப்பின கடைக்காரருக்கும், 1874ல ராலே... இல்ல, கிராலி இங்கிலீஷ்ல பண்ணின துசிடிடீஸ் மொழிபெயர்ப்ப நெட்ல இலவசமா ஏத்தி வச்ச புண்ணியவான்களுக்கும், தவறாம வந்தவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம். துசிடிடீஸ் கி.மு. 411லயே பாதியில நின்னுடறாரு, போர் முடிஞ்சது 404ல, மிச்சத்த செனோபன்னு இன்னொரு ஏதென்ஸ்காரர்தான் எழுதறாரு, அத முடிக்கணும்ன்றது என் அபிப்பிராயம். துசிடிடீஸுக்கு முந்தின வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கதை கதையா போகும், அத எடுக்கலாம்னு சிலர் கேக்கறாங்க, அது ஒன்பது புத்தகம், சொல்லிட்டேன். செயலாளர் பொறுப்ப யாராவது எடுத்துக்கறீங்கன்னா மாடி சாவி, மினிட்ஸ் புக் ரெண்டையும் சந்தோஷமா குடுத்துடறேன், நிஜமாத்தான் சொல்றேன். யாரும் வரலன்னா நானே பாத்துக்கறேன், ஆனா பாக்கி சந்தா வசூலாகாம இன்னொரு வருஷம் இத இழுக்க என்னால முடியாது. அடுத்த மாசம் முதல் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் பொதுக்குழு, செனோபனா ஹெரோடோட்டஸான்னு அங்க கை தூக்கி முடிவு பண்ணிக்கலாம். சந்தா கட்டினவங்களுக்குத்தான் ஓட்டு.