பக்கவாதம்: பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது ஓரளவு பரவியிருக்கிறது. அதன்பின் வரவேண்டிய இயன்முறைப் (பிசியோதெரபி) பயிற்சியைப் பற்றித்தான் பேச்சே இல்லை. என் தந்தைக்கு வலப்பக்கம் செயலிழந்தபோது, "ஓய்வெடுக்கட்டும்" என்று உறவினர்கள் தடுத்தும், உடல்நிலை சீரானதும் மூன்றாம் நாளே அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துப் பயிற்சியைத் தொடங்கிய இயன்முறை மருத்துவருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். தட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. அது விழுந்த சத்தம் கேட்டு அம்மா அழுதுவிட்டார். மூளை புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள முதல் சில மாதங்களே மிகவும் உகந்தவை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பது எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது; நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மருத்துவமனைகள் அவர் பெயரை இத்திட்டத்தில் பதிவுசெய்ய சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்