பின்களத்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சீனியர் ஹாக்கி முகாமுக்குள் போய்விட்டாய். மகிழ்ச்சி. அங்கே உன் இடம் நிலைக்க வேண்டுமென்றால், முதலில் பந்தைப் பறிக்கும் அவசரத்தைக் குறைத்துக்கொள். ஜூனியர் ஆட்டத்தில் பாய்ந்து பறிப்பவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். சர்வதேச ஆட்டத்திலோ, நீ பாயட்டும் என்றுதான் எதிரணி ஃபார்வர்டு பந்தைக் காட்டிக்கொண்டே வருவாள்.

இடது கால் முன்னே, முழங்கால் மடங்கி, மட்டை தரையோடு. உன் வலப்பக்கத்துக்கு அவளைத் தள்ளு. அது அவளுக்கு ரிவர்ஸ் பக்கம் (மட்டையைத் திருப்பி ஆட வேண்டிய இடப்பக்கம்), உனக்கு மட்டை வலுவான பக்கம். நீ ரைட் பேக் (வலப்புறத் தடுப்பாட்டக்காரி) என்றால் அப்படித் தள்ளுவதே அவளை எல்லைக்கோட்டுக்கும் கொண்டுபோகும். லெஃப்ட் பேக்காக இறக்கினால்தான் சிக்கல்: வலப்பக்கம் தள்ளினால் அவள் நடுவே வருவாள். உள்ளே உதவிக்கு ஆள் நிற்பது உறுதியானால் மட்டும் அதைச் செய். கோலுக்கு முன்னுள்ள ‘டி’ வட்டத்துக்குள் ரிவர்ஸ் பக்கம்தானே என்று அசந்துவிடாதே, இன்று ரிவர்ஸ் ஹிட் அடிக்கத் தெரியாத ஃபார்வர்டு அரிது.

ஜாப் (மட்டையால் பந்தைச் சட்டென்று குத்துவது) செய்யும்போது இடக்கையால் குத்திய வேகத்திலேயே மட்டையை இழுத்துக்கொள். உடல் எடை முழுவதும் முன்காலில் இறங்கிவிட்டால் திரும்பி ஓட முடியாது. பந்து கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் தலை குனிந்து பந்தைப் பார்த்தால் பாஸ் தாமதமாகும், அதற்குள் நடுக்களம் திரும்பி வந்துவிடும். பந்து கிடைக்காத கோபத்தில் அவள் மட்டையில் அடித்தால் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும்.

கோல் இருக்கும் பின்கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளி எதிரணி கோலுக்கு அடிக்கும் பெனால்டி கார்னர்தான் எனக்குப் பெரிய கவலை. கோல்கீப்பரோடு ஐந்து பேர்தான் தடுப்பீர்கள். பந்து உள்ளே தள்ளப்படும் முன் நீ பின்கோட்டைத் தாண்டினால் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும். உனக்குப் பதில் யாரும் வர முடியாது, மிச்சம் நால்வர்தான். ஆகவே பந்து தள்ளுபவளின் கையைப் பார்த்துக் கணிக்காதே, பந்து நகர்வதைப் பார்த்து ஓடு. ஷாட்டை மறிக்க முன்னால் பாயும் முதல் ரஷராக ஓடினால் மட்டை ஷாட்டின் பாதையிலும், உடல் அதற்கு இடப்புறம் விலகியும் இருக்கட்டும். ஷாட் அடிப்பவளுக்கு 5 மீட்டருக்குள் நீ இருக்கும்போது முதல் ஷாட் உன் முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் கார்னர். முழங்காலிலோ மேலேயோ பட்டால் உங்களுக்கு ஃப்ரீ ஹிட். அதை நம்பி உடலைக் கொடுத்துவிடாதே, அம்மா. முகமூடி, முழங்கால் காப்பு, கையுறை மூன்றும் இல்லாமல் பயிற்சியில்கூட ரஷ் ஓடக் கூடாது. கோல்கீப்பர் எந்தப் பக்கம் பார்க்கிறாள், கோட்டில் நிற்பவள் எந்தக் கம்பத்தைக் காக்கிறாள் என்பதை ஒவ்வொரு கார்னருக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

டிராக் ஃப்ளிக்கையும் (கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் ஷாட்) கற்றுக்கொள். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்திய கோலை அடித்த இந்தியாவின் குர்ஜித் கவுர் ஒரு டிஃபெண்டர். ரியோ 2016 இறுதியின் ஷூட்-அவுட்டில் பிரிட்டனுக்குத் தங்கம் வென்று தந்த கடைசி கோலும் டிஃபெண்டர் ஹாலி வெப் அடித்ததுதான். ஷூட்-அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பி, கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு கோல் அடிக்க 8 விநாடிதான், அதையும் பழகி வை.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டென்று திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். திரும்பும்போது முழங்கால் உள்ளே சரியாமல் பாதத்தின் நேரே இருக்கப் பழகு, தொடையின் பின்தசைக்குப் பயிற்சியை விடாதே. மாதவிலக்கு நின்றுபோனால் ‘ஃபிட்’ ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. செலவழிக்கும் சக்திக்கு ஏற்றபடி நீ சாப்பிடாததால் இருக்கலாம், அப்படியே விட்டால் எலும்பில் கீறல் விழக்கூடும். அணி மருத்துவரிடம் உடனே சொல். ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம்.

அடுத்த ஆட்டத்தின் வீடியோவில், பந்து உன்னிடம் இல்லாத நேரத்தில் நீ நிற்கும் இடத்தை மட்டும் தனியாக வெட்டித் தரச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
அப்பா